ரெகுலேட்டர் வாங்கும்போது ஹோஸையும் சேர்த்து யோசியுங்கள்

சிலிண்டர் காற்றை மூச்சு வாங்கும்படி தரும் கருவியான ஸ்கூபா ரெகுலேட்டரை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த பிராண்ட் நல்லது என்றுதான். ஸ்கூபாப்ரோவா, அபெக்ஸா, மாரெஸா, அக்வாலங்கா என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். எந்த ஹோஸ், அதாவது காற்றுக் குழாய், எவ்வளவு நீளம், அது உடம்பில் எந்தப் பக்கமாக வருகிறது, காற்று தீர்ந்துபோன ஒருவர் நம்மை நோக்கி வந்தால் அவர் வாய்க்கு எது போகும், நம் வாய்க்கு எது வரும் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. பெயர் பெற்ற நிறுவனங்களின் நடுத்தர ரெகுலேட்டர்கள் எல்லாமே பொழுதுபோக்கு டைவிங்கின் 40 மீட்டர் எல்லைக்குள் தாராளமாகக் காற்று தருகின்றன. நீளம் தவறிய ஒரு ஹோஸ், சரியாகச் சிக்கிக்கொள்ளும் இடத்தில் ஓடும் ஒரு ஹோஸ், எவ்வளவு உயர்ந்த ரெகுலேட்டரையும் பயனில்லாமல் செய்துவிடும். அதனால் கருவியைப் பற்றித் தேவையான அளவுக்குப் பேசிவிட்டு, ஹோஸுக்கு நிறைய இடம் கொடுக்கிறேன்.

முதலில் அடிப்படை. சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அந்தக் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் அதிகமான ஓர் இடைநிலை அழுத்தத்துக்குக் குறைக்கிறது. வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து, நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் கொடுக்கிறது. 1943-ல் கூஸ்தோவும் கன்யானும் சேர்ந்து செய்த அக்வா-லங்கிலிருந்து இன்றுவரை கேட்டால் கொடுப்பது என்ற அந்த அடிப்படை மாறவில்லை. 30 மீட்டரில் சுற்றுப்புற அழுத்தம் 4 பார், அதாவது நீங்கள் இழுக்கும் காற்று மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு அடர்த்தி. கடையில் நின்று ஒரு முறை ஊதிப் பார்த்து "நன்றாக வருகிறதே" என்று சொல்வதில் பொருளில்லை என்பது இதனால்தான்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பிஸ்டன், டயாபிரம் என்று இரண்டு வகை. பிஸ்டனில் நகரும் பாகங்கள் குறைவு, காற்றோட்டம் அபாரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பிஸ்டன் மாடல்களில் கடல்நீர் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் வந்து போகும், மணலும் உப்பும் கூடவே வரும். டயாபிரம் வகையில் உள் இயக்கத்துக்கும் நீருக்கும் நடுவே ஒரு ரப்பர் தகடு நிற்பதால் உள்ளே சுத்தமாக இருக்கும்; அதிலும் வெளிப்பக்கம் முழுக்க சீல் செய்த மாடல் என்றால் ஸ்பிரிங்கைக்கூட நீர் தொடாது. கலங்கல் நீர், சேறு, குளிர் இவற்றில் இறங்குபவர்களுக்கு சீல் செய்த டயாபிரம்தான் என் சிபாரிசு. தெளிந்த வெதுவெதுப்பான கடலில் மட்டும் இறங்குபவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இதைவிட முக்கியம் அது பேலன்ஸ்டு வகையா இல்லையா என்பது. பேலன்ஸ் இல்லாத எளிய பிஸ்டன் ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தம் குறையக் குறைய இடைநிலை அழுத்தமும் இறங்கும். தனியாக, ஆழமில்லாத இடத்தில் மூச்சு வாங்கும்போது அது தெரியவே தெரியாது. ஆனால் அவசரம் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள்: டைவின் கடைசிப் பகுதி, சிலிண்டரில் 60 பாரோ 70 பாரோ, ஆழம் இன்னும் மிச்சமிருக்கிறது, இரண்டு பேர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து, அதிலும் ஒருவர் பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறார். பேலன்ஸ் இல்லாதது திணறுவது அந்த நேரத்தில்தான். சொந்தமாக வாங்குகிறீர்கள் என்றால் பேலன்ஸ்டு வாங்குங்கள், அதற்கு மேல் கொடுக்கும் விலை பெரும்பாலும் எடைக்கும் பளபளப்புக்கும்தான்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும் காற்று கடுமையாகக் குளிரும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைச் சுற்றி, சில நேரம் உள்ளேயே, பனி கட்டி வால்வு திறந்த நிலையில் உறைந்துவிடும். அப்புறம் காற்று நிற்காமல் கொட்டும். இஎன் 250 என்ற ஐரோப்பியத் தரம் 10 டிகிரியைத்தான் கோடாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே பயன்படுத்தும் கருவியைத் தனியாகக் குளிர்நீரில் சோதிக்க வேண்டும். அதே தரத்தின் 2014 பதிப்பில், ஒரே கருவியிலிருந்து இரண்டு பேர் மூச்சு வாங்கும் நிலைக்குத் தேறியவற்றுக்கு 'ஏ' என்ற எழுத்து சேர்த்துக் குறிக்கிறார்கள். வாங்கும் ரெகுலேட்டரில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

டின்னா, யோக்கா? யோக் என்பது வால்வின் மேல் கவ்விப் பிடித்து ஒரு திருகால் இறுக்குவது, 232 பார் வரைதான். டின் என்பது வால்வுக்குள்ளேயே மரை போட்டு இறங்குவது, 232 பாரிலும் 300 பாரிலும் உண்டு. டின்னில் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ரெகுலேட்டரின் மரைக்குள் அடைபட்டு உட்காருவதால் பிதுங்கி வெளியே வருவது அரிது, எதிலாவது மோதினாலும் இடம் நகராது. யோக்கில் ஓ-ரிங் வால்வின் முகத்தில் இருக்கிறது, அதன் நிலை உங்கள் கையில் இல்லை, வாடகை சிலிண்டர்காரர் கையில். என் யோசனை: டின் வாங்கி, யோக் அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடாப்டர் போட்டால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கொஞ்சம் தலைப்பக்கம் தள்ளி வரும், பின்தலையில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 300 பார் டின் ரெகுலேட்டர் 232 பார் வால்விலும் பொருந்தும். 232 பார் டின், 300 பார் வால்வில் சீல் ஆகாது, மரை எட்டாதபடி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

செகண்ட் ஸ்டேஜில் இரண்டு திருகல்களைப் புரிந்துகொண்டால் போதும். ஒன்று வெஞ்சுரி லீவர்: மேலே, குதிக்கும்போது, மைனஸ் பக்கம்; கீழே இறங்கிய பிறகு பிளஸ் பக்கம். மைனஸில் இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்த மறுகணம் தானாகக் காற்று கொட்டும். இன்னொன்று மூச்சு எவ்வளவு எளிதாகத் திறக்க வேண்டும் என்று வைக்கும் குமிழ். இதை இறுக்கி வைத்தால் காற்று மிச்சமாகும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாகாது. சிரமப்பட்டு இழுக்கும் மூச்சு உடம்பில் கரியமில வாயுவைச் சேர்க்கும், அதனால் இன்னும் வேகமாக மூச்சு வாங்குவீர்கள். கொட்டாத அளவுக்கு மட்டும் இறுக்கி, மற்றபடி இலகுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று தீர்ந்தவருக்குக் கொடுப்பதற்கென்று இருக்கும் ஆக்டோபஸ் என்கிற மாற்று செகண்ட் ஸ்டேஜை மலிவாக வாங்குவது பரவலான பழக்கம், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதை வாயில் வைக்கப் போகிறவர் பயந்து, பெரிய பெரிய மூச்சாக இழுக்கப் போகிறவர். முதன்மை செகண்ட் ஸ்டேஜுக்கு என்ன தரமோ அதே தரம் அதற்கும் வேண்டும். ஒரே மாடலாக இரண்டு வாங்கிவிட்டால் உதிரிப் பாகமும் ஒன்றாகிவிடும். உதிரி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சர்வீஸ் கொடுக்கப்போகும் டெக்னீசியனுக்கு அந்த பிராண்டில் பயிற்சி இருக்கிறதா, சர்வீஸ் கிட் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

ஹோஸ் எப்படி ஓட வேண்டும்

கடையில் மாட்டித் தரும் அமைப்பு இப்படித்தான் இருக்கும்: முதன்மை செகண்ட் ஸ்டேஜுக்கு 70 அல்லது 75 செ.மீ. ஹோஸ், வலது தோளுக்கு மேலாக; ஆக்டோபஸுக்கு 90 முதல் 100 செ.மீ. மஞ்சள் ஹோஸ், அதுவும் வலது பக்கம். இடது பக்கம் பிசிடி என்ற மிதப்புச் சட்டையில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸும், 80 அல்லது 90 செ.மீ. நீளத்தில் பிரஷர் கேஜும். பயிற்சி வகுப்புகளில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று வந்த நீளங்கள் இவை. உங்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது கிடையாது. தோளுக்கு மேலே வளைந்து நிற்கும் அந்த 75 செ.மீ. ஹோஸ் தலையைத் திருப்பும்போதெல்லாம் மூக்கணாங்கயிறு மாதிரி வாயை ஒரு பக்கமாக இழுக்கும், டைவ் முடியும்போது தாடை வலிக்கும். பலர் அதற்கு மவுத்பீஸை மாற்றிப் பார்க்கிறார்கள். மாற்ற வேண்டியது ஹோஸை.

ஆக்டோபஸ் மோவாய்க்கும் கீழ் விலா எலும்புகளுக்கும் நடுவே உள்ள முக்கோணப் பகுதியில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி. உண்மையில் அது கிளிப்பிலிருந்து நழுவி இடுப்புக்குக் கீழே தொங்கி மணலில் இழுபடுவதை எந்தப் படகிலும் பார்க்கலாம். மணல் புகுந்த செகண்ட் ஸ்டேஜில் வெளிமூச்சு வால்வு சரியாக மூடாது, முதல் இழுப்பிலேயே தண்ணீர் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான செகண்ட் ஸ்டேஜ்களில் ஹோஸ் அணிபவரின் வலது பக்கத்திலிருந்து நுழைகிறது. எதிரே நிற்பவரின் வலது உங்களுக்கு இடது. ஆகவே உங்கள் வலது தோளிலிருந்து வரும் ஹோஸ் குறுக்கே போய் வளைந்துதான் அவர் வாயைச் சரியான நிலையில் அடையும். அதற்கு நீளம் வேண்டும். ஆக்டோபஸை 75 செ.மீ. ஹோஸில் மாட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கரையிலேயே ஒருமுறை எதிரெதிராக நின்று செய்து பார்த்தால் போதும், உடனே மாற்றிவிடுவார்கள்.

நான் பரிந்துரைக்கும் ஒற்றைச் சிலிண்டர் அமைப்பு இது. முதன்மை செகண்ட் ஸ்டேஜை 100 செ.மீ. ஹோஸில் போட்டு, வலது அக்குளுக்குக் கீழாகக் கொண்டுவந்து வாய்க்கு ஏற்றுங்கள், செகண்ட் ஸ்டேஜ் முனையில் ஒரு சுழலும் முழங்கை இணைப்பு வையுங்கள். மாற்று செகண்ட் ஸ்டேஜை 56 செ.மீ. ஹோஸில், எலாஸ்டிக் கயிற்று வளையத்தால் கழுத்திலேயே, மோவாய்க்குக் கீழே தொங்கவிடுங்கள். யாராவது காற்றில்லை என்று வந்தால் உங்கள் வாயில் இருப்பதை எடுத்து நீட்டுங்கள், தலையைக் குனிந்து கழுத்தில் இருப்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதறியவர் பெரும்பாலும் தன் கண்ணுக்குத் தெரியும், குமிழி விடுகிற, உங்கள் வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜைத்தான் பறிக்க வருவார். அதையே கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் போராட்டமே இல்லை. ஒரு வினாடி முன்புவரை நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அது, வேலை செய்கிறதா என்ற சந்தேகமும் கிடையாது.

முழங்கை இணைப்பு பிடிக்காதவர்களுக்கு, அதில் கூடுதலாக ஓ-ரிங்குகள் இருப்பது உண்மைதான், 1.5 மீட்டர் ஹோஸ் நல்ல வழி. வலது அக்குள், நெஞ்சுக்குக் குறுக்கே, இடது தோள், கழுத்துக்குப் பின்னால், வலது பக்கமாக வாய் என்று ஓடும். இதற்கும் மேலே 2.1 மீட்டர், அதாவது 7 அடி ஹோஸ். இது புளோரிடாவின் குகை டைவர்களிடமிருந்து வந்தது. பில் ஹோகார்த் மெய்ன் என்பவரின் பெயரால்தான் இந்த அமைப்பை ஹோகார்த்தியன் என்கிறார்கள். குறுகலான பாதையில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக, ஒரே காற்றில் வெளியே வர அந்த நீளம் தேவைப்பட்டது. அதை வலது இடுப்பில் டார்ச் பேட்டரிக்கோ பெல்ட்டுக்கோ அடியில் செருகி, நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவருவார்கள். திறந்த கடலில் பொழுதுபோக்குக்கு இறங்குபவருக்கு 2.1 மீட்டர் தேவையில்லை.

எந்த நீள ஹோஸாக இருந்தாலும் அணியும் வரிசையில் தவறக் கூடாது. கழுத்து வளையத்தில் இருப்பதை முதலில் மாட்டுங்கள், நீள ஹோஸ் எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக. நீள ஹோஸ் கழுத்து வளையத்துக்கோ இன்ஃப்ளேட்டர் குழாய்க்கோ அடியில் போய்விட்டால் கொடுக்கும்போது பாதியில் நின்றுவிடும், அதுவும் உங்கள் கழுத்தைச் சுற்றிக்கொண்டு. தண்ணீரில் இறங்கியதும் ஒவ்வொரு டைவிலும் அதை முழு நீளத்துக்கு வெளியே இழுத்து, தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்துத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஃப்ளேட்டரோடு சேர்ந்தே வரும் மாற்று செகண்ட் ஸ்டேஜ் வைத்திருப்பவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த அமைப்பில் நீங்கள் கொடுக்கப்போவது வாயில் இருப்பதைத்தான், வேறு வழியில்லை. அப்படியிருக்க முதன்மை ஹோஸ் 70 செ.மீ. என்றால் இரண்டு முகமும் ஒட்டிக்கொண்டுதான் மேலே வர வேண்டும். அங்கேயும் 100 செ.மீ. போடுங்கள்.

இரட்டைச் சிலிண்டரில் இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரும். வலது வால்வில் நீள ஹோஸும் விங் என்ற மிதப்புப் பையின் இன்ஃப்ளேட்டரும்; இடது வால்வில் கழுத்து செகண்ட் ஸ்டேஜும் பிரஷர் கேஜும், உலர் உடை இருந்தால் அதன் ஹோஸும். இந்தப் பிரிவினைக்குக் காரணம் உண்டு. முன்னோக்கி நீந்தும்போது குகையின் கூரையில் உரசினால் இடது வால்வின் குமிழ் மூடும் திசையில் உருளும், வலது குமிழ் திறக்கும் திசையில் உருளும். இடது மூடிக்கொண்டாலும் வாயில் இருக்கும் காற்றும் மிதப்பும் உங்களிடம் இருக்கும். சிலிண்டர்களை உடம்பின் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி ரெகுலேட்டர், தனி கேஜ், கேஜ் ஹோஸ் 15 முதல் 23 செ.மீ. மட்டும். அதைப் பயிற்சியாளர் இல்லாமல் அமைக்கப் பார்க்காதீர்கள்.

இன்ஃப்ளேட்டர் ஹோஸ் விஷயத்தில் ஒரே சோதனை: இன்ஃப்ளேட்டரைத் தலைக்கு மேல் முழுதாக உயர்த்துங்கள். காற்றை வெளியேற்ற அப்படித்தான் பிடிப்பீர்கள். அப்போது ஹோஸ் இழுத்துப் பிடித்தால் குட்டை, வெளியே பெரிய வளையமாக நின்றால் நீளம். பிரஷர் கேஜுக்கு 60 செ.மீ. ஹோஸ் போட்டு இடது இடுப்பு வளையத்தில் கிளிப் செய்துவிட்டால் பவளப்பாறையில் எதுவும் இழுபடாது. கம்ப்யூட்டருக்கு டிரான்ஸ்மிட்டர் வைப்பதானால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயர் அழுத்தப் போர்ட்டில், அதாவது ஹோஸ் மாட்டும் துளையில்தான் வைக்க முடியும், ஆனால் அது பார்ப்பவர்களுக்குக் கைப்பிடி மாதிரி தெரியும், அதைப் பிடித்து சிலிண்டரைத் தூக்குவார்கள், உடையும். சிலிண்டர் பக்கம் மறையும்படியோ ஒரு சிறிய ஹோஸின் முனையிலோ வையுங்கள்.

எந்த ஹோஸையும் வாங்குவதற்கு முன் முழு கியரையும் போட்டுக்கொண்டு, ஒரு கயிற்றை அந்த வழியாகவே ஓட்டி அளந்து பாருங்கள். தலையை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள், அண்ணாந்து பாருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் எந்தப் போர்ட் என்பதும் அப்போது தெரிந்துவிடும்: ஹோஸ் போக வேண்டிய திசையைப் பார்க்கும் போர்ட்டிலிருந்தே புறப்பட வேண்டும், புறப்பட்டதும் மடங்கித் திரும்பக் கூடாது.

ரப்பரா, பின்னல் உறை போட்டதா? பின்னல் ஹோஸ் லேசானது, நன்றாக வளையும், பயணத்துக்கு வசதி. ரப்பர் கனம், விறைப்பு, ஆனால் கெட்டுப்போகும்போது இணைப்பின் அருகே வெடிப்பாகக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். சில பின்னல் ஹோஸ்களின் உள்குழாய் பாலியூரித்தேன் சிதைந்து உள்ளேயே படிகங்களாகப் படிந்து காற்றை அடைப்பதாக டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் எச்சரித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். முதன்மைக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். இணைப்பின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் உப்பையும் வெடிப்பையும் மறைக்கும், இருந்தால் அடிக்கடி நகர்த்திப் பாருங்கள்.

பலரும் பயப்படுவது உயர் அழுத்த ஹோஸ் வெடிப்பதைப் பற்றி. அந்த ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சேரும் முனையில் ஊசித்துளை அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும், வெடித்தாலும் காற்று மெதுவாகத்தான் போகும். சிலிண்டரைச் சீக்கிரம் காலி செய்வது குறைந்த அழுத்த ஹோஸ்தான்.

மாட்டுவதும் சோதிப்பதும்

ஹோஸ் மாற்றுவதற்கு முன் வால்வை மூடி, செகண்ட் ஸ்டேஜின் முகத்தில் உள்ள பர்ஜ் பட்டனை அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். கையால் கடைசிவரை திருகி, ஸ்பானரால் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். அடைப்பது ஓ-ரிங், முறுக்கு இல்லை. செகண்ட் ஸ்டேஜ் முனையில் இரண்டு ஸ்பானர் பிடியுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சரிக்கட்டலும் சேர்ந்து திரும்பிவிடும். இன்றைய ரெகுலேட்டர்களில் உயர் அழுத்தப் போர்ட் 7/16 அங்குலம், குறைந்த அழுத்தப் போர்ட் 3/8 அங்குலம், மாற்றி மாட்டவே முடியாது. மிகப் பழைய சில மாடல்களில் இரண்டுமே 3/8, அங்கே செகண்ட் ஸ்டேஜைத் தவறான போர்ட்டில் போட்டால் சிலிண்டரின் முழு அழுத்தமும் ஹோஸுக்குள் வந்து அது வெடிக்கும்.

பிறகு சிலிண்டரில் மாட்டும் முன், போர்ட்கள் எல்லாம் அடைத்து, ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியும் போட்டு, வாயில் வைத்து இழுங்கள். ஒரு சொட்டுக் காற்றும் வரக் கூடாது, இழுத்துப் பிடித்த நிலை அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்தால் மவுத்பீஸில் கிழிசல், மடங்கிய வெளிமூச்சு வால்வு, டயாபிரத்தில் துளை, இவற்றில் ஏதோ ஒன்று. அடுத்து சிலிண்டரில் மாட்டி, கேஜின் முகத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவைத்து, வால்வை மெதுவாக, முழுதாகத் திறவுங்கள். நாலைந்து மூச்சு இழுத்துக்கொண்டே கேஜைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை.

இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டும் சிறிய இடைநிலை அழுத்த கேஜ் ஒன்று வாங்கிவைப்பது உருப்படியான செலவு. பர்ஜ் அழுத்தினால் முள் சற்று இறங்கி, விட்டதும் சட்டென்று மேலேறி, தயாரிப்பாளர் சொன்ன அளவில் அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயர் அழுத்த சீட் தேய்ந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் செகண்ட் ஸ்டேஜ் தானாகக் கசியத் தொடங்கும். இதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, பிரித்துச் சரிசெய்வது பயிற்சி பெற்ற டெக்னீசியனின் வேலை.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று பயன்படுத்துபவர்களுக்கு: 40 சதவீத ஆக்சிஜன் வரை சாதாரண ரெகுலேட்டர் போதும் என்று பல தயாரிப்பாளர்கள் ஏற்கிறார்கள், ஐரோப்பிய விதி இன்னும் கடுமை, அங்கே எம்26 என்ற தனி மரை இருக்கிறது. உங்கள் மாடலின் கையேடு சொல்வதே கணக்கு. 40-க்கு மேல் என்றால் ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்த, அதற்கேற்ற ஓ-ரிங்கும் கிரீஸும் போட்ட ரெகுலேட்டர் மட்டும், டைட்டானியம் கூடாது.

அமைப்பை மாற்றிய பிறகு முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில், காற்று கொடுத்து வாங்கிப் பழகுவதற்காக மட்டும் இருக்கட்டும். உங்களோடு இறங்குபவருக்கும் எதைக் கொடுப்பீர்கள், எங்கிருந்து வரும் என்று கரையிலேயே காட்டிவிடுங்கள். வாயில் இருப்பதைக் கொடுப்பவரும் மஞ்சள் ஆக்டோபஸைத் தேடுபவரும் ஜோடியாக இறங்கினால் முன்பேச்சு கட்டாயம் வேண்டும்.

டைவ் முடிந்ததும் தூசி மூடியைத் துணியால் துடைத்து உலர்த்தி மாட்டி, நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறும்போது பர்ஜ் பட்டனைத் தொடாதீர்கள், தொட்டால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். வெயிலில் காயப் போட வேண்டாம், ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து ஹோஸ்கள் தொங்கி மடியும்படி ஆணியில் மாட்டவும் வேண்டாம். அகலமான வளையமாகச் சுற்றிப் பையில் வைத்தால் போதும். மூடும்முன் மவுத்பீஸைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், தளர்ந்திருந்தால் அப்போதே புதிது போடுங்கள்.